சுண்டெலிக் கூண்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது? – கேள்வி பதில்

வாரம் ஒருமுறை கூண்டு மாற்றுகிறோம். போதுமா? (ஆய்வு மாணவி)

சாதாரணக் கூண்டுக்குப் போதும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 2011 வழிகாட்டியும் அடிக்கூண்டு, பாட்டில், சிப்பர் குழாய் (எலி நீர் குடிக்கும் குழாய்) ஆகியவற்றுக்கு வாரம் ஒருமுறை, கம்பி மூடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றுதான் சொல்கிறது. விசிறியால் காற்று செலுத்தும் காற்றோட்டக் கூண்டில் இன்னும் சில நாள் தள்ளலாம். ஆனால் காலண்டரை மட்டும் நம்பாதீர்கள். மூலையில், கூண்டின் அடியில் பரப்பிய உமியை விலக்கிப் பாருங்கள். அடியில் கட்டிபிடித்து ஈரமாக இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அங்கேதான் பாக்டீரியா சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவைக் கிளப்புகிறது. நம் மூக்குக்கு எட்டுமுன் எலி அதைச் சுவாசிக்கிறது.

நீரிழிவு எலிகளுக்கு?

வாரம் வரை காத்திருக்கவே கூடாது. சிறுநீர் மிக அதிகம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, சிலவற்றுக்குத் தினமும்கூட.

அப்படியானால் எல்லாக் கூண்டையும் தினமும் மாற்றினால் நல்லதுதானே?

இல்லை. எலிக்குத் தன் வாசனைதான் வீடு. அதை முழுசாகத் துடைத்துவிட்டால் ஆண் எலிகள் புதுக் கூண்டில் சண்டை போடும். காய்ந்த கூட்டுப் பஞ்சை அப்படியே புதுக் கூண்டுக்கு மாற்றுங்கள், சண்டை குறையும். சிறுநீர் ஊறிய உமியைக் கொண்டுபோகாதீர்கள், அது சண்டையைக் கூட்டத்தான் செய்யும். குட்டி போட்ட தாயை முதல் சில நாள் தொடவே வேண்டாம். கலைத்தால் குட்டிகளைத் தின்றுவிடலாம்.

கடையில் கிடைக்கும் தரை கிளீனரால் கழுவலாமா? (ஆய்வக உதவியாளர்)

தயவுசெய்து வேண்டாம். 1998இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மரபியல் ஆய்வாளர் பாட்ரிசியா ஹன்ட்டின் ஆய்வகத்தில் யாரோ தவறுதலாகக் காரம் மிகுந்த தரை கிளீனரால் பாலிகார்பனேட் கூண்டுகளையும் பாட்டில்களையும் கழுவிவிட்டார்கள். பிளாஸ்டிக் சிதைந்து அதிலிருந்த பிஸ்ஃபீனால் ஏ என்ற வேதிப்பொருள் கசிந்தது. பெண் எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறு திடீரென்று ஏறியது. ஆய்வே திசைமாறி, அதுவே 2003இல் தனிக் கட்டுரையாக வெளிவந்தது. கூண்டுக்கென்றே உள்ள சோப்பைப் பயன்படுத்தி, சோப்பு போகும்வரை அலசுங்கள், அப்புறம்தான் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி). மங்கிப்போன, விரிசல் விட்ட கூண்டைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

கூண்டு கழுவும் இயந்திரம் சரியாகக் கழுவுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெப்பம் பட்டால் நிறம் மாறும் பட்டையைக் கூண்டில் ஒட்டி உள்ளே அனுப்புங்கள். அலசும் நீர் 82 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நிம்மதி. கூடவே அவ்வப்போது சிப்பர் முனையில் ஏடிபி ஸ்வாப் (மிச்ச அழுக்கைக் காட்டும் பஞ்சுக்குச்சிச் சோதனை) எடுங்கள். அழுக்கு ஒளிவது பெரும்பாலும் அங்கேதான்.