கண்ணாடியைக் கழற்றிய பிறகு அவளுக்குக் கண் தெரிகிறதா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் கண்ணைப் பரிசோதித்து, இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2.25 என்று கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். முதல் வாரம் ஆசையாகப் போட்டாள். அப்புறம் டிவியில் ஒரு படம் பார்த்தோம். கண்ணாடி போட்ட பெண்ணை எல்லோரும் ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்கிறார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் அவள் கண்ணாடியைக் கழற்றி, முடியை விரித்துவிட்டு, அழகியாகிவிடுகிறாள். அன்றிலிருந்து என் மகளின் கண்ணாடி பையிலேயே கிடக்கிறது. ஆண்டுவிழா டான்ஸுக்கும் கழற்றிவிட்டுத்தான் ஆட வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம். என் மாமியாரோ, “பொம்பளப் பிள்ளைக்கு இந்த வயசுலயே கண்ணாடியா, நாளைக்கு எவன் கட்டிப்பான்?” என்கிறார். இந்த மாதிரிப் படங்களையே காட்டாமல் இருக்கட்டுமா? காண்டாக்ட் லென்ஸ் வாங்கிக் கொடுத்துவிடலாமா?
ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சீரியல் பார்க்கும்போது மூக்கில் என்ன மாட்டிக்கொள்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அதை அவரிடம் கேட்டுவிடாதீர்கள், வீட்டில் அமைதி முக்கியம். சும்மா கவனித்து வையுங்கள்.

படம் காட்டுவதை நிறுத்த வேண்டாம். நீங்கள் நிறுத்தினால் பக்கத்து வீட்டில் பார்ப்பாள், ஃபோனில் பார்ப்பாள். அவளோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். அந்தக் கழற்றும் காட்சி வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இப்ப அவளுக்குக் கண்ணு தெரியுமா?”

இந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிக்கும் படம் ரொம்பக் குறைவு. உங்கள் மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 2.25 என்றால், கண்ணாடி இல்லாமல் கண்ணிலிருந்து சுமார் 44 சென்டிமீட்டர் வரைதான் எதுவும் தெளிவாகத் தெரியும். கையை நீட்டினால் விரல் நுனியே மங்கல். எதிரே பத்தடி தள்ளி நிற்கும் ஹீரோவின் முகம் அவளுக்கு உரித்த வெள்ளரிப்பழம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் படத்தில் பாருங்கள். நேற்றுவரை கண்ணாடி இல்லாமல் தட்டுத் தடுமாறிய பெண், ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஒரு படிகூடத் தவறாமல் இறங்கி வருகிறாள். இறங்கிவந்து கரெக்டாக அவன் கண்ணையே பார்க்கிறாள்!

இன்னொரு விளையாட்டும் சொல்லித் தருகிறேன், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மைனஸ் பவர் கண்ணாடி கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும். லென்ஸ் வழியே தெரியும் கன்னத்தின் ஓரம் கொஞ்சம் உள்ளே தள்ளித் தெரியும். உங்கள் மகளை முகக்கண்ணாடி முன் லேசாகத் தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், பிடிபடும். பவர் கூடக்கூட இது பெரிதாகும். அப்புறம் படத்தில் வரும் ‘சோடாபுட்டி’யின் கன்னத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கோணலும் இருக்காது. பவரே இல்லாத வெறும் கண்ணாடி அது. கேலிக்கு ஆளாகும் அந்தப் பெண்ணுக்கு முதலிலிருந்தே கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. இதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அடுத்த படத்தில் உங்களுக்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள்.

இந்தக் கழற்றும் காட்சி நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. ஹாலிவுட்டில் எண்பது வருடமாக ஓடுகிற சரக்கு. 1946-ல் வந்த ‘தி பிக் ஸ்லீப்’ படத்தில் ஒரு புத்தகக் கடைக் காட்சி உண்டு. துப்பறிபவராக ஹம்ப்ரி போகார்ட், கடைப் பெண்ணாக டோரதி மலோன். எதிர்க்கடைக்காரன் எப்படி இருப்பான் என்று அவர் கேட்கிறார். அவள் கண்ணாடி வழியாகப் பார்த்து மனதில் வைத்திருந்ததை அப்படியே சொல்கிறாள்: வயது, உயரம், உடல்வாகு, மீசை, இடது கண் பொய்க்கண் என்பது வரை. நீ போலீசுக்கே போகலாம் என்று அவர் பாராட்டுகிறார். அத்தோடு விட்டாரா? வெளியே மழை. கடையை மூடிவிட்டு இருவரும் பேசப்போகும் நேரத்தில், அந்தக் கண்ணாடி கட்டாயம் வேண்டுமா என்பது போல் ஜாடை காட்டுகிறார். அவள் திரும்பி நின்று கண்ணாடியைக் கழற்றி, முடியை அவிழ்த்துவிட்டுத் திரும்புகிறாள். அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல அவர் ஒரு ‘ஹலோ’ சொல்கிறார்.

இந்த ஒரு காட்சியில் மொத்த விவகாரமும் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றும். கண்ணாடி இருந்தவரை பார்த்தவள் அவள். கழற்றியதும் அவளைப் பார்க்கிறார்கள். மேரி ஆன் டோன் என்ற அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் 1982-ல் ஒரு கட்டுரையில் இதைத்தான் எடுத்துப் பேசினார். கண்ணாடி போட்ட பெண் சினிமாவை உறுத்துவது முகம் மறைவதால் இல்லை, அவள் உற்றுப் பார்க்கிறாள் என்பதால். யோசித்துப் பாருங்கள், ஐம்பது கிராம்கூட இல்லாத ஒரு ஃப்ரேம் எந்த நடிகையின் அழகை மறைத்துவிடும்?

அதே ஹாலிவுட்டில் 1953-ல் இதைக் கிண்டல் செய்தும் ஒரு படம் வந்தது: ‘ஹவ் டு மேரி எ மில்லியனர்’. மர்லின் மன்றோவின் கதாபாத்திரத்துக்குத் தூரம் சரியாகத் தெரியாது. ஆனால் கண்ணாடி போட்டால் ஆண்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்ற பயம். அதனால் ஆள் வரும் சத்தம் கேட்டாலே கழற்றி ஒளித்துவிடுவாள். விளைவு? சுவரில் முட்டுகிறாள், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறாள், கடைசியில் ஊர் மாறி வேறு விமானத்தில் ஏறிவிடுகிறாள். அங்கே பக்கத்து சீட்டில் ஒரு கண்ணாடிக்காரர். போட்டுத்தான் பாரேன், நன்றாக இருக்கும் என்று அவர் வற்புறுத்த, போடுகிறாள். அவரையே கல்யாணமும் செய்துகொள்கிறாள். உங்கள் மாமியாருக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

ஆனால் பின்னால் வந்தவர்கள் கற்றுக்கொண்டது கிண்டலை இல்லை, பழைய வித்தையைத்தான். 1999-ல் ‘ஷீ இஸ் ஆல் தட்’, 2001-ல் ‘தி பிரின்சஸ் டைரீஸ்’. இரண்டாவதை மகளோடு உட்கார்ந்து தாராளமாகப் பார்க்கலாம். ஒப்பனைக்காரர் கதாநாயகி ஆன் ஹாத்வேயின் கண்ணாடியை இரண்டாக உடைப்பார். அதற்கு முன் காண்டாக்ட் லென்ஸ் இருக்கிறதா என்று கேட்பார். இருக்கிறது, ஆனால் போடப் பிடிக்காது என்பாள். கண் தெரிய வழி உண்டா என்று விசாரித்துவிட்டாவது உடைத்தார்கள், அந்த மட்டும் நல்லது. அவள் விருப்பத்தை மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

சின்னத்திரைக்கு வந்தால் கொலம்பியாவிலிருந்து தொடங்க வேண்டும். பெட்டி என்ற ‘அசிங்கமான’ பெண்ணின் கதை 1999-ல் அங்கே தொடராக ஓடி, உலகம் முழுக்கப் பல மொழிகளில் மறுபிறவி எடுத்தது. இந்தியில் 2003-ல் ‘ஜஸ்ஸி’ ஆனது. கெட்டிக்காரி, நேர்மையானவள், ஆனால் தடித்த கண்ணாடியும் பல்லுக்குக் கம்பியும். நடித்த மோனா சிங்கின் நிஜ முகம் எப்படி இருக்கும் என்பதையே பல மாதம் ரகசியமாக வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாடே காத்திருந்தது. என்ன இருக்கும், கண்தான் இருக்கும்.

அதே கொலம்பியாவில் நடப்பதாக டிஸ்னி 2021-ல் எடுத்த அனிமேஷன் படம் ‘என்காண்டோ’. உங்கள் மகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள். கதாநாயகி மிராபெல் பச்சை ஃப்ரேமில் வட்டக் கண்ணாடி போட்டவள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு மாயசக்தி, அவளுக்கு மட்டும் இல்லை. வீட்டுச் சுவரில் விரிசல் விடுவது முதலில் அவள் கண்ணுக்குத்தான் படுகிறது. மற்றவர்களைக் கூட்டிவந்து காட்டினால், “எங்கே, ஒன்றும் இல்லையே” என்கிறார்கள். அவளைக் கண்ணாடியைக் கழற்றவைத்து அழகியாக்கும் காட்சி கிடையாது. இங்கிலாந்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, கண்ணாடி போட்ட இளவரசி ஏன் இல்லை என்று 2019-லேயே டிஸ்னிக்குக் கடிதம் எழுதியிருந்தாள். படம் அவள் கடிதத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன், அனிமேஷன் படம் எடுக்கப் பல வருடம் ஆகும். ஆனால் கேட்கத் தோன்றியதே, அது பெரிசு.

நம் தமிழ்ப் படங்களில் கண்ணாடி போட்ட பெண் யார் யார் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மகளோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். ஹாஸ்டல் வார்டன், ஹெட்மிஸ்ட்ரஸ், வக்கீலம்மா, கதாநாயகியின் தோழி. காதலிக்கப்படும் பெண்ணாக வந்து கடைசி ரீல் வரை கண்ணாடியோடே இருப்பவள் வெகு அபூர்வம். ஆனால் ஆணுக்குக் கறுப்புக் கண்ணாடி என்றால் கதையே வேறு. அது ஸ்டைல். எம்.ஜி.ஆரும் கலைஞரும் கறுப்புக் கண்ணாடியோடேதான் இந்த மாநிலத்தை ஆண்டார்கள். அதே மூக்கு, அதே காது, அதே பிளாஸ்டிக்.

இது சினிமாவோடு நிற்பதும் இல்லை. தென்கொரியாவில் பெண் செய்தி வாசிப்பாளர்கள் கண்ணாடி போட்டுத் திரையில் வருவது வழக்கத்திலேயே இல்லாமல் இருந்தது. 2018 ஏப்ரலில் எம்பிசி தொலைக்காட்சியில் இம் ஹியோன்-ஜு ஒருநாள் காலைச் செய்திக்குக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். அதுவே செய்தியாகிவிட்டது. விடியற்காலை எழுந்து லென்ஸ் மாட்டி, பொய் இமை ஒட்டி, காய்ந்த கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு அலுத்துப்போனதுதான் காரணம். அடுத்த ஆண்டு ஜப்பானில், வேலை நேரத்தில் பெண்கள் கண்ணாடி போடக் கூடாது என்று சில நிறுவனங்கள் சொன்னது வெளியே வந்து பெரிய சண்டையானது. கடையில் நிற்கும் பெண் கண்ணாடி போட்டால் முகம் ‘கடுகடு’வென்று தெரிகிறதாம். ஆண் ஊழியரின் முகத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மைனஸ் 2.25-க்குச் சோடாபுட்டி என்ற பட்டமே பொருந்தாது, லென்ஸ் மெலிசாகத்தான் இருக்கும். கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வளர்கிற பிள்ளைக்குக் கண்ணும் சேர்ந்து வளர்வதால்தான் பவர் ஏறுகிறது. கண்ணாடியைப் பையில் வைத்தால் இறங்கப்போவதில்லை, போர்டுதான் தெரியாமல் போகும். தினமும் வெளிச்சத்தில் வெளியே விளையாட விடுங்கள், கண்ணுக்கு நல்லது. டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். பன்னிரண்டு வயதில் காண்டாக்ட் லென்ஸ் போடவே கூடாது என்றில்லை. ஆனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் தொட வேண்டும், போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, குழாய்த் தண்ணீரில் அலசவே கூடாது. இந்தப் பொறுப்பு அவளுக்கு வந்துவிட்டதா என்று உங்களுக்குத்தான் தெரியும். வந்திருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். லேசர் சிகிச்சையெல்லாம் பதினெட்டுக்கு மேல், பவர் நிலைத்த பிறகு யோசிக்க வேண்டியது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்தப் படத்தைப் பார்த்த சூட்டோடு லென்ஸ் வாங்கிக் கொடுக்காதீர்கள். கண்ணாடி அசிங்கம் என்று அம்மாவும் ஒப்புக்கொண்டாள் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். நாலைந்து மாதம் கழித்து, விளையாட்டுக்கு வேண்டும் என்று அவளாகக் கேட்டால் அது வேறு கதை.

டான்ஸ் விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. சொந்தக் கதை ஒன்று உண்டு. நானும் ஏழாம் வகுப்பில் கண்ணாடி போட்டவள். ஆண்டுவிழா நாடகத்தில் எனக்கு ராணி வேஷம். ராணி எங்கேயாவது கண்ணாடி போடுவாளா என்று கழற்றி வாங்கி வைத்துவிட்டார்கள். மேடையில் சமாளித்துவிட்டேன், வசனம் மனப்பாடம். இறங்கும்போதுதான் வினை. விளக்கை அணைத்துவிட்டார்கள், மூன்று படி, எனக்குத் தெரிந்தது இரண்டு. வெள்ளிக் காகிதக் கிரீடத்தோடு ஹார்மோனியத்தின் மேல் விழுந்தேன். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. எங்கள் தெருவில் இரண்டு வருடம் நான் ‘ஹார்மோனிய ராணி’.

அதனால் மாஸ்டரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், மகளைத் தூது விடாதீர்கள். சண்டையாக வேண்டாம். “கண்ணாடி இல்லாமல் மேடை விளிம்பு அவளுக்குத் தெரியாது சார்” என்று மட்டும் சொல்லுங்கள். ஆடும்போது கழன்று விழும் என்பார். தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டும் எலாஸ்டிக் பட்டை கண்ணாடிக் கடையிலேயே கிடைக்கும். தலைமுடிக்குள் மறைந்துவிடும், பூ வைத்தால் சுத்தமாகத் தெரியாது. அதற்கும் அவர் மசியவில்லை என்றால், ஒத்திகையிலும் கண்ணாடி இல்லாமலே ஆடவிட்டு, ஏறி இறங்கும் இடத்தில் ஒரு ஆளை நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்போதைய ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்தது யார் என்றும் நீங்கள் எழுதவில்லை. நீங்களாகத்தான் இருக்கும், சீக்கிரம் உடையாத கறுப்பு ஃப்ரேமாகவும் இருக்கும். எல்லா அம்மாக்களும் அப்படித்தான். அடுத்த சனிக்கிழமை அவளைக் கடைக்குக் கூட்டிப் போய், விலைக்கு ஒரு வரம்பு சொல்லிவிட்டு, நீங்கள் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். எந்த நிறம் எடுத்தாள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.