தாத்தா கொண்டுவந்த யானை ஓவியத்துக்கு என்ன விலை?

கேள்வி: மயிலாடுதுறைக்கு அருகே வசிக்கிறேன். தாங்கனிக்காவில் (இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி) வேலை பார்த்த தாத்தா கொண்டுவந்த, ஆப்பிரிக்க யானைக் கூட்டத்தின் எண்ணெய் வண்ண ஓவியம் எங்கள் கூடத்தில் இருக்கிறது. மூலையில் ‘வி. கூனெர்ட், 1911’ என்று தெரிகிறது. கும்பகோணத்து வியாபாரி ஒருவர் 40,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்; லண்டன் ஏலத்தில் பல லட்சம் போகும் என்கிறான் என் மகன். விற்கலாமா?

பதில்: இரண்டு விலைகளையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். வில்ஹெல்ம் கூனெர்ட் (1865–1926) கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பலமுறை சென்று விலங்குகளை நேரில் பார்த்து வரைந்த ஜெர்மானியர். ஆனால் அவருடைய படங்கள் விலங்கியல் நூல்களிலும் அச்சுப் பிரதிகளாகவும் பரவியவை என்பதால், கையெழுத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. நகைக்கடையில் கல் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை யானையின் காதருகே வைத்துப் பாருங்கள். வண்ணம் சீரான சிறு புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது அச்சு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும்போது தூரிகைத் தடங்கள் நிழல் விழுத்தினால் மட்டுமே மேற்கொண்டு செலவு செய்யலாம். பின்பக்கத்து மரச்சட்டம், ஆணிகள், துணியிலுள்ள முத்திரை ஆகியவற்றைப் படமெடுத்து, தாத்தாவின் பாஸ்போர்ட், கடிதங்களோடு சேர்த்து வையுங்கள். கூடத்தில் வருடக்கணக்கில் போட்ட சாம்பிராணியின் புகைப் படலத்தை ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். வண்ணமும் கூடவே வந்துவிடக்கூடும். ஐப்பசி அடைமழையில் ஓதம் ஏறும் சுவரிலிருந்தும் அதை இறக்கிவிடுங்கள்.

லண்டன் கணக்கு உங்களுக்குப் பொருந்தாததற்குக் காரணம் சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த ஓவியம் தொல்பொருளாகிவிடும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1911 என்பது உண்மையானால் அந்தப் பெருமையே உங்கள் சந்தையை இந்தியாவுக்குள் சுருக்கிவிடுகிறது. இங்கே ஜெர்மானிய விலங்கோவியரைத் தேடி வாங்குபவர் சிலரே. தொல்பொருள் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டியதும் உண்டு.

மதிப்பீட்டுக்குச் சென்னையில் கலைப்பொருள் அறிந்த பதிவுபெற்ற மதிப்பீட்டாளரை அணுகுங்கள். அவர் கட்டணத்தை ஓவிய மதிப்பின் சதவீதமாகக் கேட்டாலோ, தாமே வாங்கிக்கொள்வதாகச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். இன்றைய சந்தை மதிப்புடன் 1.4.2001 அன்றைய மதிப்பையும் எழுத்தில் கேளுங்கள். பரம்பரைச் சொத்தை விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியைக் கணக்கிடும்போது அந்தப் பழைய மதிப்பை அடக்கவிலையாகக் கொள்ளலாம். அது ஒரு லட்சமாக இருந்து, நீங்கள் மூன்று லட்சத்துக்கு விற்றால், இரண்டு லட்ச ஆதாயத்துக்கு இப்போதைய 12.5 சதவீத விகிதத்தில் 25,000 ரூபாயும் அதன்மேல் செஸ் எனும் கூடுதல் வரியும் வரும். ஓவியங்களுக்குச் சொந்த உபயோகப் பொருள் என்ற விலக்கு கிடையாது.

தாத்தா உயில் எழுதியிருக்கிறாரா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. இல்லையென்றால் உங்கள் அத்தைமார்களுக்கும் அதில் பங்குண்டு. அவர்களுடைய எழுத்துச் சம்மதம் கைக்கு வரும்வரை வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டாம்.