புரொஜெக்டரில் படம் மங்கினால் வாட்டைக் கூட்டலாமா?

கேள்வி: என்னிடம் இரண்டு பழைய 16 எம்.எம். புரொஜெக்டர்கள் இருக்கின்றன. ஒன்றில் 24 வோல்ட், 250 வாட் ஹாலஜன் பல்பு. இன்னொன்று அதற்கும் பழையது. நீளமான குண்டு பல்பு, பின்னால் தனி ரிஃப்ளெக்டர். இரண்டிலுமே படம் மங்கல். வாட் அதிகமான பல்பு போடலாமா? ரிஃப்ளெக்டரை எதால் துடைப்பது?

பதில்: வாட்டைக் கூட்டாதீர்கள். 250 வாட்டுக்கே டிரான்ஸ்ஃபார்மர் 10 ஆம்பியருக்கு மேல் தள்ள வேண்டியிருக்கிறது. இப்படி மங்குவதற்குப் பெரும்பாலும் வாட் குறைவு காரணமல்ல. வெளிச்சம் கேட்டுக்கு, அதாவது ஃபிலிமில் வெளிச்சம் படும் சின்னச் சட்டத்துக்கு, ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான்.

ஹாலஜன் மெஷினில் அநேகமாக இ.எல்.சி. என்ற குறியீடுள்ள பல்பு இருக்கும். அதில் பல்பும் ரிஃப்ளெக்டரும் ஒரே துண்டு. உள்ளே இருக்கும் டைக்ரோயிக் பூச்சு வெளிச்சத்தை முன்னால் அனுப்பிவிட்டு, வெப்பத்தில் பெரும்பகுதியைப் பின்பக்கமாக வெளியேற விடும். அலங்கார விளக்குகளில் வரும் பல்பு ஒன்று இதே சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும். ஏமாறாதீர்கள்: அது பொதுவாக 12 வோல்ட், ஒளி குவியும் தூரமும் வேறு. அலுமினியப் பூச்சாக இருந்தால் வெப்பமெல்லாம் ஃபிலிம் மேல்தான். குறியீட்டைப் பார்த்தே வாங்குங்கள். சாதாரண இ.எல்.சி.யின் ஆயுள் சுமார் 50 மணி நேரம். 500 மணி நேர வகையும் உண்டு, ஆனால் வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளடிக்கும். மெஷினில் 'லோ' சுவிட்ச் இருந்தால் அதிலேயே ஓட்டலாம். வோல்ட்டேஜ் 5 சதவீதம் குறைந்தாலே ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். வெளிச்சம் குறைவது 15 சதவீதம் போலத்தான்.

இரண்டாவது மெஷினில் விஷயமே ரிஃப்ளெக்டர்தான். ஃபிலமெண்ட் சுருள்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். பின்னாலுள்ள குழிக்கண்ணாடி அந்தச் சுருள்களின் பிம்பத்தைச் சரியாக அந்த இடைவெளிகளில் விழவைக்க வேண்டும். அப்போதுதான் கேட்டுக்குப் போகும் வெளிச்சம் இடைவெளி இல்லாமல் இருக்கும். பல்புக்கு முன்னால் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சர் லென்ஸைக் கழற்றிவிட்டு, வெல்டிங் கண்ணாடி வழியாக முன்னாலிருந்து பாருங்கள். பிம்பம் சுருள் மேலேயே விழுந்தால் வெளிச்சமும் வீண், ஃபிலமெண்டும் கூடுதலாகச் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். மெஷினை அணைத்து ஆறவிட்டு, ரிஃப்ளெக்டரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, இம்மி இம்மியாக நகர்த்துங்கள். புது பல்பு வாங்கும்போது வோல்ட்டேஜைப் பாருங்கள். அந்தக் காலத்து மெஷின்களில் 110 வோல்ட் பல்புகள் நிறைய.

சரி, துடைப்பது. பின்பக்கம் வெள்ளி பூசிய கண்ணாடி என்றால், ஆறிய பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்துணி போதும். முன்பக்கமே பூச்சு உள்ளது என்றால் கை வைக்காமல் காற்று மட்டும் ஊதுங்கள். தேய்த்தால் பூச்சு உரிந்துவிடும். டைக்ரோயிக் கிண்ணம் புகையேறி உரிந்திருந்தால் பல்போடு சேர்த்து மாற்றிவிட வேண்டியதுதான். கண்டென்சர் லென்ஸை மட்டும் மறந்துவிடாதீர்கள். பாதி மங்கல் அதன் மேல் படிந்த எண்ணெய்ப் படலத்தில்தான் இருக்கும்.

ஹாலஜன் குமிழை வெறும் கையால் தொடாதீர்கள். அப்புறம், பல்பின் பின்கள் கருகியிருந்தால் சாக்கெட்டையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புது பல்பின் பின்களும் அதேபோலக் கருகும்.