அட்லாண்டாவிலிருந்து வசந்த விடுமுறைக்கு: ஜெக்கில் தீவு போங்கள்

வணக்கம். மூட்டுவலி உள்ள அம்மா, இரண்டு பிள்ளைகள், கூட்டம் வேண்டாம். ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் டைபீயா கம்பர்லேண்டா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம், அதே கடலோரத்தில் உள்ள ஜெக்கில் தீவுக்குப் போங்கள். விடுமுறையில் டைபீ நிரம்பி வழியும். கம்பர்லேண்ட் அருமையான இடம்தான். ஆனால் படகில்தான் போக வேண்டும், தீவில் கடை கிடையாது, நடையும் அதிகம். அம்மாவுக்குச் சரிப்படாது.

ஜெக்கிலுக்குக் காரிலேயே போகலாம். நுழைவாயிலில் காருக்குக் கட்டணம் உண்டு. வடமுனையில் ட்ரிஃப்ட்வுட் கடற்கரை: கடல் அரித்துச் சாய்த்த மரங்கள் வேரோடு மணலில் வெளுத்துக் கிடக்கும். அங்கே கடல்நீர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஆறேழு அடி வித்தியாசம். ஏற்றத்தில் மணலே இருக்காது. ஓத நேரம் பார்த்து, நீர் வற்றும்போது போங்கள்.

பிள்ளைகளுக்கு 1743இல் கட்டிய ஹார்ட்டன் வீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு, மணல், தண்ணீர், முழுச் சிப்பி சேர்த்து எழுப்பிய சுவர். சிப்பிகள் அப்படியே துருத்திக்கொண்டிருக்கும். சாலையோரம்தான், அம்மாவும் பார்க்கலாம். தென்முனையில் வாண்டரர் நினைவிடம். அடிமை இறக்குமதியைத் தடைசெய்து அரை நூற்றாண்டு கழிந்தும், 1858இல் அந்தக் கப்பல் 400க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. இந்தத் தீவில் அந்தக் காலக் கோடீஸ்வரர்கள் ஓய்வெடுக்க வந்த கிளப்பைப் பார்ப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும் என்பேன்.

ஏப்ரலில் தண்ணீர் குளிரும், நீச்சலை நம்பிப் போகாதீர்கள். காற்றில்லாத மாலையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி பிடுங்கும். முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.