வழிகாட்டி என்பவர் யார்? மேலாளர் இருக்கும்போது அவர் எதற்கு?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் “நல்ல வழிகாட்டியைத் தேடிக்கொள்” என்கிறார்கள், மேலாளர் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேலாளருக்கு உங்களால் வேலை நடந்தாக வேண்டும். ஆண்டு இறுதியில் உங்களை எடை போடுபவரும் அவரே. அவரிடம் போய் “இது எனக்குப் பிடிபடவில்லை” என்று சொல்ல யாருக்கும் நா எழாது. ஆசிரியருக்கோ பாடத்திட்டம் இருக்கிறது. தேர்வோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது. வழிகாட்டிக்கு இந்த நெருக்கடிகள் இல்லை. நீங்கள் முன்னேறினால் அவருக்கு ஒரு காசு லாபமில்லை, பின்தங்கினாலும் நட்டமில்லை. அப்படிப்பட்டவரின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

நான் சிங்கப்பூரின் துவாசில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இருக்கிறேன். தொட்டிகளுக்குள் ஆட்கள் இறங்குமுன் காற்றைச் சோதித்துச் சான்று தருவது என் வேலை. பயிற்சி முடித்துப் பொறுப்பேற்ற புதிதில் எனக்கு வாய்த்தவர் வேறு பிரிவின் மூத்த ஃபோர்மன். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி எனக்கு மனப்பாடம். ஒரு காலை, எண்ணெய்த் தொட்டியின் வாயருகே முதல் அளவை எடுத்தேன். 20.9. அவர் மீட்டரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“தம்பி, ஆள் எங்கே நின்று வேலை செய்யப் போகிறான்?”

“அடித்தளத்தில், அண்ணே.”

“அவன் மூக்கு எந்த உயரத்தில் இருக்கும்?”

ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயு லேசானது, மேலே ஏறும். ஆகவே மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். இதெல்லாம் வகுப்பில் படித்ததுதான். ஆனால் அவர் கேட்டபோது, குனிந்து துரு சுரண்டும் ஒரு மனிதனின் முகம் கண்ணில் நின்றது. மீட்டரின் குழாயை அடிவரை இறக்கி மூன்று அளவுகளையும் எழுதி முடித்தபோது, “உன் கூடப்பிறந்தவனை இதில் இறக்குவாயா?” என்றார். கையெழுத்துப் போட வேண்டியவன் நான்தான். பேனாவை என் கையிலிருந்து அவர் ஒருநாளும் வாங்கியதில்லை.

அதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முடிவு உங்களிடமே இருக்க வேண்டும். நம் நாட்டின் கதையிலேயே இதைப் பார்க்கலாம். 1960-இல் ஐக்கிய நாடுகள் நிறுவனக் குழுவோடு இங்கு வந்த டச்சுப் பொருளியல் வல்லுநர் ஆல்பர்ட் வின்செமியஸ், 1984 வரை அரசுக்கு ஆலோசனை சொன்னார். குடியேறவில்லை, வந்து வந்து போனார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு இங்கே அடிக்கல் நாட்டிய ராஃபிள்ஸின் சிலையை அகற்ற வேண்டாம், அது வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை தரும் என்றார். அவருக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. கேட்டு, எடைபோட்டு, முடிவெடுத்துப் பழியையும் புகழையும் சுமந்தவர்கள் அன்றைய பிரதமர் லீ குவான் இயூவும் அமைச்சர் கோ கெங் சுவீயும்தான்.

எப்படித் தேடுவது? “எனக்கு வழிகாட்டியாக இருங்கள்” என்று எடுத்த எடுப்பில் கேட்டால் நல்லவர்கள்கூடத் தயங்குவார்கள். உங்கள் சம்பளத்திலும் பதவி உயர்விலும் கை வைக்க முடியாத ஒருவரைப் பாருங்கள். காப்பிக்கடையில் அவர் தனியாக இருக்கும்போது, இந்த வாரம் உங்களைக் குழப்பிய ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். பிறகு, அவர் சொன்னதைச் செய்தீர்களா, என்ன ஆயிற்று என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. யோசனை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவருக்கு யார் மறுபடி நேரம் ஒதுக்குவார்? சொன்னது பலிக்காவிட்டாலும் போய்ச் சொல்லுங்கள். உறவு அங்கேதான் வேர் பிடிக்கிறது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. தன்னைப் போலவே நீங்கள் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர், உதவியைக் கணக்கு வைத்துச் சொல்லிக்காட்டுபவர், இவர்களிடம் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மரியாதையோடு விலகிவிடுங்கள்.