"மாத்திக் குடுங்க மேடம்" என்று வரும் பெற்றோரிடம் என்ன சொல்வது? சேலம் ஆலோசகருக்கு ஒரு பதில்

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு, சேலம் அஸ்தம்பட்டி பக்கம் சின்னதாக ஓர் ஆலோசனை மையம் நடத்துகிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஏற்காட்டில் விடுதியுடன் கூடிய ஒரு பள்ளிக்கும் போய்வருகிறேன். சமீபத்தில் 23 வயது இளைஞர் ஒருவரைப் பெற்றோர் அழைத்து வந்தார்கள். அவருக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு. "எப்படியாச்சும் மாத்திக் குடுங்க மேடம்" என்கிறார்கள். மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் என்ன செய்வது என்று படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. இதற்கென்று பயிற்சி எங்கே கிடைக்கும்? சான்றிதழ் கட்டாயமா? இப்படிப்பட்டவர்களுக்கு ஆதரவு என்று காட்டும் வானவில் ஸ்டிக்கரை வாசலில் ஒட்டலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் அந்தக் குடும்பத்தின் தொழில், குடியிருக்கும் தெரு, இளைஞர் படித்த கல்லூரி மூன்றும் இருந்தன. மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் மேலே கொடுத்திருக்கிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சான்றிதழ் கட்டாயமா என்றால், பால்புதுமையருக்கு (தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் போன்றோருக்கு) ஆலோசனை சொல்லத் தனிச் சான்றிதழ் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அது வேறு விவகாரம். ஆனால் சான்றிதழ் தேவையில்லை என்பதால் பயிற்சியும் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் இரண்டு இளம்பெண்கள் தங்கள் குடும்பத்தாரிடமிருந்தும் போலீசிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கை விசாரித்தவர் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் உத்தரவு எழுதினார். நீதிபதிக்கே அது தேவைப்பட்டது என்றால் நமக்குக் கூச்சம் எதற்கு?

அந்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவு உங்கள் மேஜை இழுப்பறையில் ஒரு பிரதியாக இருக்கட்டும். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் 'மாற்ற' முயல்வதைத் தடைசெய்ய வேண்டும், அப்படிச் செய்யும் தொழில்முறையாளர்மீது உரிமம் ரத்து வரை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், பாலீர்ப்பை 'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடப்பது மருத்துவருக்குத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. தன்பாலீர்ப்பு நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இலேயே சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து அதை எடுத்தது 1990 மே 17இல்! நம் கல்லூரி நூலகங்களில் இன்னும் சில பழைய பாடநூல்கள் அதைத் தாண்டி வரவில்லை, அது நம் தலையெழுத்து.

இனி பயிற்சிக்கு வருவோம். நம் நாட்டில் இதற்கென்றே வடிவமைக்கப்பட்டதில் நான் முதலில் சொல்வது, மும்பையின் மரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற மனநல அமைப்பு நடத்தும் 'குயர் அஃபர்மேட்டிவ் கவுன்சலிங் பிராக்டிஸ்' சான்றிதழ்ப் படிப்பு. கற்பிப்பவர்களே பால்புதுமையராகவும் மனநலப் பணியாளர்களாகவும் இருப்பவர்கள். 'இவர்களிடம் எப்படி அன்பாக நடந்துகொள்வது' என்ற தோரணையில் அது போகாது. குடும்பம், சாதி, கல்யாணம், சட்டம் எல்லாம் சேர்ந்து ஒருவரை எப்படி நெருக்குகின்றன, அந்த நெருக்கலில் ஆலோசகரின் பங்கு என்ன என்றுதான் பாடம் ஓடும். அறிவிப்பு வரும்போது பார்த்து விண்ணப்பியுங்கள். தமிழில் படிக்கவும் பேசவும் சென்னையிலிருந்து இயங்கும் பால்புதுமையர் குழுவான ஓரினத்தின் எழுத்துகள் இருக்கின்றன. முக்கியமாக, பெற்றோர் எழுதியவை. உங்களிடம் வந்த அந்த அம்மாவிடம் நீங்கள் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, தன்னைப் போன்ற இன்னொரு அம்மா எழுதிய இரண்டு பக்கம் அதிகம் வேலை செய்யும்.

ஒருநாள் இணையவழிப் பட்டறை, 'பால்புதுமையர் மனநலம்: அறிமுகம்' என்ற ரகத்தில் ஏராளமாக வருகின்றன. போங்கள், தப்பில்லை. பெயர்களும் வரையறைகளும் தெரியவரும். ஆனால் எல்.எல்.ஆர். கையில் வந்த அன்றே ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் ஓட்ட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து 'இப்ப கியரைக் குறை' என்று சொல்ல ஆள் வேண்டும். நம் தொழிலில் அதற்குப் பெயர் மேற்பார்வை. கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், சான்றிதழைத் தள்ளிப்போட்டு, ஆறு மாதம் மேற்பார்வைக்குச் செலவழியுங்கள் என்பேன்.

மேற்பார்வைக்கு உட்காரும் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். விவரங்களை மாற்றி ஒன்று சொல்கிறேன். ஓர் ஆலோசகர் தன் குறிப்பை என்னிடம் வாசித்துக் காட்டினார். வந்திருந்த இளைஞர், "போன வாரம் அவனோட ஏற்காடு போயிருந்தேன்" என்றிருக்கிறார். இவர் உடனே, பாதுகாப்பான உடலுறவு பற்றித் தெரியுமா, எச்.ஐ.வி. பரிசோதனை செய்ததுண்டா என்று கேட்டிருக்கிறார். இளைஞர் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார். "இதே வயசுப் பையன் தன் கேர்ள்ஃபிரண்டோடு ஏற்காடு போனேன்னு சொல்லியிருந்தா என்ன கேட்டிருப்பீங்க?" என்றேன். யோசித்துவிட்டு, "லேக்ல போட்டிங் போனீங்களான்னு கேட்டிருப்பேன்" என்றார். பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. அடுத்த சந்திப்பில் அந்தப் பயணத்தைப் பற்றியே கேட்டாராம். ஏற்காட்டின் 'லேடீஸ் சீட்' காட்சிமுனையில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்த்தபோதுதான், 'இந்த ஊரில் எங்களுக்கு இடம் இல்லை' என்று தோன்றியதாக அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். சிகிச்சை உண்மையில் தொடங்கியது அங்கேதான். இந்த ஆலோசகர் கெட்டவர் அல்ல, பட்டறைகளுக்குப் போனவர், வரையறைகள் எல்லாம் அத்துப்படி. தன் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் சேலத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. வீடியோ அழைப்பில் மாதம் இரண்டு முறை போதும். தேர்ந்தெடுக்கும்போது நேரடியாகக் கேளுங்கள்: பால்புதுமையர் எத்தனை பேரோடு வேலை செய்திருக்கிறீர்கள், மாற்றச் சொல்லி வரும் பெற்றோரை எப்படிக் கையாண்டீர்கள், நீங்கள் யாரிடம் மேற்பார்வை எடுக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவர் வேண்டாம். கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் நாமக்கல், தர்மபுரி, ஈரோடு பக்கம் இதே நிலையில் இருக்கும் நாலைந்து ஆலோசகர்கள் சேர்ந்து, செலவைப் பகிர்ந்து குழுவாக எடுக்கலாம். பலர் செய்கிறார்கள்.

குழு என்றதும் நான் முதலில் சொன்னது வருகிறது. பெயரை எடுத்துவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டதாக நினைக்கிறோம். சேலம் பெரிய ஊர் மாதிரித்தான் தெரியும். ஆனால் 'செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை, இரண்டு அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பையன் இன்ஜினீயரிங்' என்றால் பத்து நிமிஷத்தில் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குழுவில் இருக்கும் ஒருவருக்குச் சித்தப்பாவே அந்தத் தெருவில் இருக்கலாம். தொழில், ஊர், உடன்பிறந்தோர் எண்ணிக்கை மூன்றையும் மாற்றாமல் உங்களிடம் வந்த யாரைப் பற்றியும் வெளியே பேசாதீர்கள். (நான் சொன்ன கொலுசுப் பட்டறை என் கற்பனை.)

பணம் செலுத்தும் விதமும் காட்டிக்கொடுக்கும். இளைஞர் அப்பாவின் போனிலிருந்து கூகுள் பே செய்தால், உங்கள் மையத்தின் பெயரும் தேதியும் அந்தப் போனிலேயே கிடக்கும். வாட்ஸ்ஆப்பில் 'நாளைய கவுன்சலிங் 5 மணிக்கு' என்று நீங்கள் அனுப்பும் நினைவூட்டல் பூட்டிய திரையிலும் தெரியும். எப்படித் தொடர்புகொள்ளலாம், என்ன எழுதலாம் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பெற்றோர். அவருக்கு 23 வயது. பணம் கட்டுவது அப்பாவாக இருக்கலாம், ஆனால் உங்களிடம் சிகிச்சைக்கு வந்திருப்பவர் மகன். மகன் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் பெற்றோரிடம் சொல்லக் கூடாது. இதைப் பெற்றோர் முன்னிலையிலேயே, தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் ஏமாற்றியதுபோல் ஆகிவிடும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஊரார் ஒழுக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது. பாலீர்ப்பை வைத்துச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்றும் தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் சட்டப் பிரிவை வாசித்தால் எழுந்து போய்விடுவார். போகிற இடம் பூசாரியாகவோ, இதைவிட மோசமான 'டாக்டராகவோ' இருக்கும். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நான் மாத்த மாட்டேங்க. மாத்தவும் முடியாது, அப்படி மாத்தறேன்னு சொல்றவங்ககிட்ட கூட்டிட்டுப் போனா பையனுக்குத்தான் கேடு. ஆனா அவன் ராத்திரி தூங்கறதில்ல, சரியா சாப்பிடறதில்லன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு நான் இருக்கேன். நீங்களும்தான் தூங்காம இருக்கீங்க. உங்களுக்குத் தனியா பேச ஒருத்தரைச் சொல்றேன்."

அந்த 'ஒருத்தர்' நீங்களாக இருக்கக் கூடாது. மகனையும் பெற்றோரையும் ஒருவரே தனித்தனியாகப் பார்த்தால், ஒரு மாதத்தில் யார் எதைச் சொன்னார்கள் என்று உங்களுக்கே குழம்பும். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்று அவர்கள் சொல்லும்போது மட்டும் நாசூக்குப் பார்க்காதீர்கள். சரியாகாது, வீட்டுக்கு வரும் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து போகும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். "நம்ம ஊர்ல இப்படியெல்லாம் கிடையாதுங்க" என்றால், நாட்டின் முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர் பிரித்திகா யாஷினி இதே சேலத்துக்காரர் என்று நினைவூட்டலாம். நீதிமன்றம் வரை போய், 2017இல் தர்மபுரியில் பணியில் சேர்ந்தவர்.

பள்ளியில் நிலைமை வேறு, இங்கே கவனமாக இருங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு உங்களைக் கட்டுப்படுத்தும். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் தகவல் தெரிவிப்பது கடமை, மறைத்தால் தண்டனை. எது வரை என்னிடம் ரகசியம், எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை மாணவர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மற்றபடி, விடுதி வார்டன் "யார் யார் அந்த மாதிரின்னு சொல்லுங்க மேடம், தனி ரூம்ல போட்டுடறோம்" என்று கேட்டால் ஒரு பெயரும் கொடுக்காதீர்கள். ஒரு பையனுக்கு இன்னொரு பையனைப் பிடிப்பது புகார் செய்ய வேண்டிய விஷயமே இல்லை. விடுதியில் கேலிக்கும் அடிக்கும் ஆளாகும் பிள்ளையைப் பாதுகாப்பதுதான் வார்டன் வேலை என்று பேச்சைத் திருப்புங்கள்.

மருந்தோ மனநல மருத்துவரோ தேவைப்பட்டால் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியாரும் உண்டு. யாருக்கு அனுப்பினாலும் அனுப்பும் முன்பு நீங்களே போன் செய்து, 'தன்பாலீர்ப்பு உள்ள ஒரு பையனை அனுப்புகிறேன், தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும்தான், மாற்றுவதற்கல்ல' என்று சொல்லிவிடுங்கள். பதில் வரும் தொனியிலேயே பாதி தெரிந்துவிடும். திருநர் யாராவது ஹார்மோன் சிகிச்சைக்கோ அறுவை சிகிச்சைக்கோ உங்களிடம் கடிதம் கேட்டால், யாருடைய கடிதத்தை ஏற்பார்கள் என்று சம்பந்தப்பட்ட மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். சென்னை, மதுரை அரசு மருத்துவமனைகளில் திருநருக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அடையாள அட்டை விஷயங்களுக்கு மாவட்ட சமூக நல அலுவலகம். இரண்டு சந்திப்புகளுக்கு இடையே நள்ளிரவில் நிலைமை மோசமானால் அழைக்க 14416, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் சொந்த எண்ணை 24 மணி நேரமும் திறந்து வைக்காதீர்கள். சின்ன ஊரில் 'அந்த ஒரே மேடம்' ஆகிவிட்டால் ஆறே மாதத்தில் நீங்கள் படுத்துவிடுவீர்கள். உங்களுக்கும் பேச ஒரு சிகிச்சையாளர் வேண்டும். மேற்பார்வையாளர் அதற்கான ஆள் அல்ல.

கடைசியாக, வானவில் ஸ்டிக்கர். இப்போதைக்கு வேண்டாம். வாசலில் ஸ்டிக்கர் இருக்கும் மையத்துக்குள் நுழைவதை எதிர்க் கடைக்காரர் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்கும் பையன் படியேறவே மாட்டான். உள்ளே, காத்திருப்பு அறையில், தமிழில் ஒரு தாள் ஒட்டுங்கள்: 'இங்கே யாருடைய பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மாற்றும் சிகிச்சை அளிக்கப்படுவதில்லை.' பதிவுப் படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்தை எடுத்துவிட்டு, பாலினம் என்று போட்டு வெறும் கோடு விடுங்கள். 'அழைக்க விரும்பும் பெயர்' என்று இன்னொரு கோடு. ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசுங்கள். அட்டையில் ஒரு பெயர், எதிரே நிற்பவர் வேறு மாதிரி என்றால் அவர் இரண்டு முறை ஏற இறங்கப் பார்ப்பதிலேயே வந்தவர் திரும்பிவிடுவார். பெயரைக் கத்திக் கூப்பிட வேண்டாம், டோக்கன் நம்பர் போதும்.