பாரில் பிள்ளைகள்: இம்மாதக் கடிதங்களுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜிம்னாஸ்டிக்ஸ் பாரில், அதாவது பிள்ளைகள் தொங்கியும் சுழன்றும் ஆடும் கிடைக்கம்பியில், செய்யும் கடினமான அசைவுகளைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதையே தமக்குரியதாகக் கொள்ளவும்.

எங்கள் அம்மிணிக்கு எட்டு வயது. ஆறு மாதமாகியும் கிப் வரவில்லை. பயிற்சியாளரை மாற்றலாமா? (கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தாய்)

மாற்ற வேண்டாம். தொங்கும் நிலையிலிருந்து ஊசலாடி, பாரின்மேல் கையூன்றிய நிலைக்கு எழும் கிப்புக்கு எட்டு வயதில் ஆறு மாதம் ஆவது வழக்கத்துக்கு மாறானதன்று. ஓராண்டு எடுத்துக்கொண்ட பிள்ளைகளும் பின்னாளில் நன்றாகச் செய்கிறார்கள். பக்கவாட்டில் நின்றுகொண்டு மூன்றை மட்டும் கவனியுங்கள்: கிளைடின் (பாருக்குக் கீழே முன்னோக்கிப் போகும் ஊசலின்) முடிவில் இடுப்பு முழுதாக நீள்கிறதா, உடனே பாதங்கள் பாருக்கு வருகின்றனவா, பிறகு முழங்கை மடங்காமல் பார் காலை ஒட்டியே இடுப்புவரை வந்து சேர்கிறதா? வலு போதாத பிள்ளை மூன்றாவதில் முழங்கையை மடக்கி இழுக்கும். தொங்கியபடி நேர்க்காலைப் பார்வரை உயர்த்துவது தொடர்ந்து பத்து முறை வரட்டும். கூடவே, மேலே கட்டிய ரப்பர் டியூபை நேர்க்கையால் தொடைவரை அழுத்தும் பயிற்சியும் நாள்தோறும் நடக்கட்டும். கிப் தானாக வரும்.

மாவட்டப் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. மாணவியின் காஸ்ட் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே வருகிறது. ஜெயன்ட் சேர்த்துவிடலாமா? (திருப்பூர் உடற்கல்வி ஆசிரியர்)

கூடாது. ஜெயன்ட் என்பது உடலை நீட்டியபடி பாரைச் சுற்றிவரும் முழுச் சுற்று. காஸ்ட், அதாவது பாரில் கையூன்றி உடலைப் பின்னால் உயர்த்தும் அசைவு, ஹேண்ட்ஸ்டாண்டுக்கு (தலைகீழாகக் கையில் நிற்கும் நிலைக்கு) வராத பிள்ளைக்கு, பாரின் உச்சியில் தன் உடல் நேராக இருக்கிறதா என்பதே தெரியாது. உச்சிக்குச் சற்று முன்னால் வேகம் தீர்ந்து வந்த வழியே திரும்பினால், பின்ஊசலின் முடிவில் கைப்பிடி திறந்துகொள்ளும். பிள்ளை பாரைவிட்டுப் பிரிவது அங்கேதான். முதலில் தரையிலும் தாழ்ந்த பாரிலும் ஹேண்ட்ஸ்டாண்டைத் திடப்படுத்துங்கள். அடுத்து, டேப் ஸ்விங், அதாவது அடிப்புள்ளியில் காலை உதைத்து வேகமெடுக்கும் தொங்கூசல், இருபுறமும் பாரின் உயரத்துக்கு வர வேண்டும். அதன்பின், கையைப் பட்டையால் பாரோடு பிணைத்துப் பழகும் ஸ்ட்ராப் பார். ஸ்ட்ராப்பைப் பயிற்சியாளர்தாம் கட்ட வேண்டும். மூத்த மாணவியிடம் அந்த வேலையை ஒருபோதும் விடாதீர்கள். இவ்வளவும் ஆறு வாரத்தில் முடியாது. இந்த ஆண்டு ஜெயன்ட் இல்லாமலே அவள் போட்டியிடட்டும்.

நன்கொடையாளர் ஒருவரின் உதவியால், கோவையில் ஒரு பட்டறையில் ஜி.ஐ. பைப்பைக் கொண்டு பெண் பிள்ளைகளுக்கு இரட்டைப் பார் செய்து வாங்கவிருக்கிறோம். வெளியில் வாங்குவதைவிட மிகவும் மலிவு. அளவுகளைத் தெரிவிக்கவும். (பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளித் தாளாளர்)

அளவுகளை நான் தெரிவிக்கப்போவதில்லை. ஆண்டுதோறும் இப்படியொரு கடிதம் வருகிறது. ஆண்டுதோறும் இதையே சொல்கிறேன். பம்புசெட்டையும் கிரைண்டரையும் நாடெங்கும் அனுப்பும் கோவைப் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. நீங்கள் அவர்களிடம் கொடுக்கும் பொருளும் அதைக்கொண்டு செய்யச் சொல்லும் வேலையும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்பதே என் மறுப்பு.

பெண்களுக்கான இரட்டைப் பாரில் (ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் இருப்பது) ஒவ்வொரு பாரும் சுமார் 40 மில்லிமீட்டர் விட்டத்தில், உள்ளே ஃபைபர் கிளாஸும் மேலே மரமுமாக அமைந்தது. ஆண்களின் ஹைபார் என்னும் உயரமான ஒற்றைக் கம்பி 28 மில்லிமீட்டர் ஸ்பிரிங் எஃகு. இரண்டும் பிள்ளையின் எடைக்கு வளைந்துகொடுத்து உடனே நேராகும். கடையில் ஒன்றேகால் அங்குலம் என்று விற்கும் பைப்பின் வெளிவிட்டம் 42 மில்லிமீட்டர் இருப்பதால் கைக்கு ஏறத்தாழச் சரியாகத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. பைப் ஸ்பிரிங்கைப்போல் வளைந்து நிமிராது. அளவுக்கு மேல் சுமை ஏறி ஒருமுறை வளைந்துவிட்டால் வளைந்தபடியே இருக்கும். துத்தநாகப் பூச்சின் வழவழப்பில், கை வழுக்காமல் இருக்கப் பூசும் மெக்னீசியப் பொடி மரத்தில் நிற்பதுபோல் நிற்பதில்லை. ஜெயன்டின் அடிப்புள்ளியில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு சுமை பாரில் விழுகிறது. முப்பது கிலோ எடையுள்ள பிள்ளை நூறு கிலோவுக்கு மேல் இழுக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார் விட்டுக்கொடுக்காதபோது அந்த உலுக்கல் முழுவதும் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் போகிறது. அதே உலுக்கல் நாள்தோறும் வெல்டிலும் விழுகிறது; அங்கே உண்டாகும் விரிசலைப் பெயின்ட் மறைத்துவிடும். இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் பெயின்டைச் சுரண்டியபோது கீழே வெல்டு பாதிக்கு மேல் விட்டுப்போயிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அன்று காலைவரை அதில் பிள்ளைகள் ஆடியிருந்தார்கள்.

பாரின் தூண்களைத் தரையோடு இழுத்துக் கட்டும் இழுகம்பிகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. மெல்லிய சிமென்ட் தளத்தில் துளையிட்டு அடித்த போல்ட் இழுபட்டு இழுபட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும். கொக்கிக்குக் கீழே ஆழமான கான்கிரீட் கட்டி வேண்டும். இறங்குமிடத்துக்குத் தென்னைநார் மேட் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. சுமார் 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் மேட் வேண்டும்.

நன்கொடையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. தரையில் வைக்கும் சிறு பேரலல் கட்டைகள், தாழ்ந்த பீம் (நடந்து பழகும் சமநிலைக் கட்டை), மரப்பெட்டிகள் ஆகியவற்றைப் பட்டறையில் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். மிச்சப் பணத்துடன் இன்னும் ஓராண்டு சேர்த்து, சான்றளிக்கப்பட்ட ஒற்றைப் பார் ஒன்றை வாங்குங்கள். வாங்கிய பிறகும், தினமும் முதல் பிள்ளை ஏறுமுன் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு கம்பியையும் கொக்கியையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

என் பிள்ளைக்குக் கை வலிக்கிறது. என்ன மருந்து தடவலாம்? (சேலம்)

கை என்றால் எந்த இடம்? வயது என்ன? எத்தனை வாரமாக வலி? ஒன்றையும் எழுதாமல் மருந்து கேட்பவருக்கு என்ன பதில் சொல்ல முடியும்? பத்து முதல் பதினான்கு வயதுக்குள், பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில், கையூன்றும்போது வலி வருகிறது என்றால் அந்தப் பக்கத்து முன்கை எலும்பான ஆர எலும்பின் வளர்தட்டை (எலும்பு நீளும் பகுதியை)ச் சந்தேகிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பின் வளர்ச்சி முன்கூட்டியே நின்று, பக்கத்து எலும்பு அதைவிட நீண்டு, மணிக்கட்டு நிரந்தரமாகப் பழுதாகலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். பிள்ளை வலிக்கிறது என்று சொன்ன நாளில் பார் கிடையாது.

அண்ணனின் ஹைபார் கிரிப் புதிதாகவே இருக்கிறது. தங்கைக்குத் தரலாமா? (ஈரோடு)

தரவே கூடாது. 28 மில்லிமீட்டர் கம்பிக்கு மூன்று விரல் துளையோடு செய்த, உள்ளங்கையில் கட்டும் தோல் பட்டையான கிரிப், 40 மில்லிமீட்டர் பாருக்கு உரியதன்று. பாருக்கும் கைக்கும் பொருந்தாத கிரிப்பில் தோல் மடிந்து பாரைக் கவ்விக்கொண்டால், கை நின்றுவிடும், உடல் சுற்றும். முன்கை எலும்பு முறியும். சொந்தக் கிரிப்பையும் தோல் நீண்டுவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

உள்ளங்கைத் தோல் உரிந்தால் மஞ்சள் வைக்கலாமா? (தாராபுரம்)

வேண்டாம். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, தொங்கும் தோலைச் சுத்தமான கத்தரியால் வெட்டி, மூடிக் கட்டுங்கள். ஆறும்வரை பாரில் ஏற்ற வேண்டாம். காய்ப்பு தடிக்காமல் வாரம் ஒருமுறை தேய்த்துவிட்டால் உரிவது குறையும்.

பன்னிரண்டு வயது மகள் கைப்பேசியில் த்காச்சேவைப் பார்த்துவிட்டுத் தானும் செய்ய வேண்டும் என்கிறாள். (கோவை)

விழுந்து பழக ஃபோம் துண்டுகள் நிரப்பிய குழியான ஃபோம் பிட் இருக்கிறதா? இல்லையென்றால் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இருந்தால், அவளுடைய ஜெயன்ட் பத்தும் ஒரே தாளத்தில் வருகிறதா, பாதத்தைப் பாரில் வைத்துச் சுற்றும் டோ-ஆனில் தோள் திறக்கிறதா என்று பயிற்சியாளர் சொல்லட்டும். பாரைவிட்டுப் பின்னோக்கிப் பறந்து அதையே மீண்டும் பிடிக்கும் அசைவு இது. விடும் நேரம் சற்றுத் தவறினாலும் பாரின்மேலேயே விழ நேரும். பன்னாட்டுப் போட்டிகளில் பெண்கள் சீனியர் பிரிவுக்குப் போவதே பதினாறு வயதில்தான். அவளுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன.

எடையைக் குறைத்தால் பாரில் எளிதாக இருக்குமா? (கரூர்)

வளரும் பிள்ளையின் சோற்றைக் குறைக்காதீர்கள். குறைத்தால் எலும்பு வலுவிழக்கும், பூப்பெய்துவதும் தள்ளிப்போகும்.

விழுந்த பிறகு என் மாணவி ஃப்ரீ ஹிப் செய்யப் பயப்படுகிறாள். அதட்டியும் பயனில்லை. (பொள்ளாச்சிப் பயிற்சியாளர்)

அதட்டியதால்தான் பயனில்லை. இடுப்பு பாரைத் தொடாமல் பாரைச் சுற்றும் ஃப்ரீ ஹிப்பில் இரண்டு படி பின்னால் போங்கள். தாழ்ந்த பாரில், நீங்கள் தோளையும் தொடையையும் தாங்கியபடி, அவள் கேட்கும்வரை தாங்குவதை விடாமல் செய்யுங்கள். எத்தனை முறை என்பதை அவளே சொல்லட்டும். வலியை மறைத்துப் பயம் என்று சொல்கிறாளா என்பதையும் விசாரியுங்கள். வலி இருந்தால் அன்று பார் கிடையாது.

போட்டியில் விழுந்தால் மீண்டும் ஏற எவ்வளவு நேரம்? (நாமக்கல்)

30 விநாடி. விழுந்ததற்கு ஒரு முழுப் புள்ளி போகும். இவை விதிப்புத்தகத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துச் செல்பவர் அதை ஒருமுறையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும்.